சர்க்கரை இல்லாத வீடு

ஸ்ரீரங்கம் அடையவளைஞ்சான் தெருவில் எங்கள் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி ஒரு மளிகைக் கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரரை மூன்று வருஷம் நான் மிரட்டியே வைத்திருந்தேன்.

"எங்க வீட்டுக்காரர் வந்து கலர் கேட்டார்னா, சர்க்கரை இல்லாத பாட்டில்தான் குடுக்கணும். அவர் கெஞ்சினாலும் சரி, அதட்டினாலும் சரி. மாத்திக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, கடை வாசல்ல வந்து நின்னு கத்துவேன்."

"சரிங்க டீச்சர்" என்றார் அவர். மனுஷர் சொன்ன சொல் தவறாதவர். அந்த நல்ல குணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

என் கணவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, ஐஸ் மாதிரி குளிர்ந்த கலர் சோடா ஒன்றைக் கழுத்தை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பார். காபி இல்லாமல் இருப்பார், டீ இல்லாமல் இருப்பார், அது இல்லாமல் முடியாது. நாற்பத்தாறு வயதில் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப கலர்?" என்பதுதான். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காகிதத்தைப் பிடுங்கி அவர் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டினேன்.

நான் திருச்சி டவுனில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் செயற்கை இனிப்புகள் வரும். அந்தப் பாடத்தை நடத்தும்போது பிள்ளைகள் தூங்க மாட்டார்கள், ஏனென்றால் அதில் கதை இருக்கிறது. சாக்கரினைக் கண்டுபிடித்தவர் நிலக்கரித் தாரிலிருந்து வரும் பொருள்களை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார். கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி தித்தித்தது. அஸ்பார்ட்டேம் வந்ததும் அப்படித்தான். வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த ஒருவர், காகிதத்தை எடுக்க விரலை நக்கினார். "இதுலேர்ந்து என்ன தெரியுது?" என்று வகுப்பில் கேட்பேன். "கை கழுவக் கூடாதுன்னு தெரியுது மிஸ்" என்று ஏதாவது ஒன்று கடைசி பெஞ்சிலிருந்து கத்தும். லேபில் எதையாவது நக்கினால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவேன் என்று நான் திருப்பிக் கத்துவேன்.

வகுப்பில் விட்டதை வீட்டில் பிடித்தேன். தினத்தாளின் ஓரத்தில் பேனாவால் சர்க்கரை மூலக்கூற்றை வரைந்து கணவருக்குப் பாடம் எடுத்தேன். இதில் எட்டு இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து கை நீட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அதில் மூன்றை வெட்டிவிட்டுக் குளோரினை வைத்தால் சுக்ரலோஸ். நாக்குக்கு அது சர்க்கரையைவிட அறுநூறு மடங்கு தித்திப்பு. உடம்புக்கு அது யாரோ. பெரும்பாலும் உடைக்க முடியாமல் அப்படியே வெளியே அனுப்பிவிடும்.

"குளோரின்னா உப்புல இருக்குமே, அதுவா?"

"ஆமாங்க."

"அப்ப உப்புப் போட்ட சர்க்கரைன்னு சொல்லிட்டுப் போ. அதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய படம்?"

அவருக்கு எல்லாமே கிண்டல். ஆனால் குடித்தார். முதல் வாரம் மூஞ்சியைச் சுளித்தார், அப்புறம் பழகிவிட்டது. நாக்கில் இனிப்பு விழுந்ததும் மூளைக்குத் தகவல் போகிறது, பின்னாலேயே வரவேண்டிய சரக்கு மட்டும் வருவதில்லை. மிஸ்டு கால் மாதிரிதான், மணி அடிக்கும், எடுத்தால் ஆள் இருக்காது. இப்படி ஏமாற்றினால் உடம்பு காலப்போக்கில் என்ன செய்யும் என்று படித்தவர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவருடைய ரத்தப் பரிசோதனை எண் இறங்கியது. நான் ஜெயித்துவிட்டேன். எனக்கு அது போதும்.

ஜெயித்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறையில் சர்க்கரை டப்பாவைக் காலி செய்தேன். வெல்லத்தை வேலைக்கு வருகிற அம்மாவிடம் கொடுத்தேன். தேன் பாட்டில் போயிற்று. வீட்டில் இனிப்பு என்று இருந்தது, சுவிட்ச் மாதிரி அழுத்தினால் ஒவ்வொன்றாக விழுகிற ஒரு செயற்கை இனிப்பு மாத்திரை டப்பி மட்டும்தான். வந்த விருந்தாளிக்கும் அதே காபி. "எங்க வீட்ல சர்க்கரைன்னு ஒரு பொருளே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஸ்டாஃப் ரூமில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், கோயில் பிராகாரத்தில் பார்த்தவர்களிடமும் சொன்னேன்.

இதில் எனக்கு அடங்காத ஒரே ஆள் என் நாத்தனார். கணவரின் தங்கை. தொட்டியத்தில் வாழை போட்டிருக்கிறார்கள். அவள் வெறுங்கையோடு வந்ததே இல்லை. கற்பூரவல்லித் தாரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவாள். வாழையிலேயே தித்திப்பு அதிகமான பழத்தை, சர்க்கரைக்காரர் வீட்டுக்கு! அவள் ஊருக்குக் கிளம்பிய மறுநிமிஷம் நான் தாரை அக்கம்பக்கத்துக்குப் பங்கு போட்டுவிடுவேன். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கொண்டுவருவாள்.

"அண்ணி, உங்க வீட்டுக் காப்பி குடிச்சா, பஸ்சு முசிறி தாண்டற வரைக்கும் நாக்குல ஏதோ ஒட்டிக்கிட்டே வருது."

"அது பின்சுவை. அப்படித்தான் இருக்கும். உங்கண்ணன் நல்லா இருக்கணுமா வேண்டாமா?"

அவள் டம்ளரைக் கழுவி வைக்கப் போய்விடுவாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளிடம் வேதியியலைச் சொல்லி என்ன பயன் என்று நானும் விட்டுவிடுவேன். அப்படி நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், எழுதும்போதே என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மூன்றாவது வருஷம் வைகுண்ட ஏகாதசிக்கு நாத்தனார் இரண்டு நாள் முன்னதாகவே வந்திருந்தாள். கணவர் ஏகாதசி விரதத்தை ஒரு வருஷம்கூட விட்டதில்லை. விரதம் என்றால் அரிசி ஆகாது, பழம் சாப்பிடலாம், பால் குடிக்கலாம். அதற்காகத்தான் அவள் தார் கொண்டுவந்தாள். நான் என்ன செய்தேன்? பழத்தில் அவர் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "ஒரு கற்பூரவல்லி தின்னா உங்க சுகர் எங்க போய் நிக்கும் தெரியுமா?" என்று அவர் தங்கை எதிரிலேயே கேட்டேன். அவர் தாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரிம்மா தாயே, நான் பெருமாளையே சாப்பிட்டுக்கறேன்" என்றார்.

விடியற்காலையில் மூவரும் சொர்க்கவாசலுக்குப் போனோம். தடுப்புக் கட்டைகளுக்கு நடுவில் மணிக்கணக்கில் நின்றோம். தரிசனம் முடிந்து வெளியே வந்து சேரும்போது பத்தரை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "சுகர் மாத்திரையை மட்டும் காலைல கிளம்பறப்பவே போட்டுட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "சாப்பிடாமலா போட்டீங்க?"

"மாத்திரை சாப்பாட்டுல சேத்தியா என்ன? அதனால விரதம் கெடாது. கெடுமான்னு பட்டர்கிட்டயே கேட்டுட்டேன்."

விரதம் கெடுமா என்று கோயிலில் கேட்டிருக்கிறார்! உடம்பு கெடுமா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாத்திரை கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். வயிற்றில் சோறு இருக்கிறதா, இன்றைக்கு ஏகாதசியா என்றெல்லாம் அது பார்க்காது. டாக்டர் இதை எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். சாப்பிடாத நாளில் மாத்திரை வேண்டாம், சர்க்கரை இறங்கினால் உடனே இனிப்பு கொடுங்கள், பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி டெஸ்ட் பண்ணுங்கள் என்று ஒரு தாளில் அச்சடித்தே கொடுத்திருந்தார். ஏறுகிற சர்க்கரைக்கு மட்டுமே நான் காது கொடுத்திருந்தேன். இறங்குகிற சர்க்கரையைப் பரீட்சைக்கு வராத பாடம் மாதிரி புரட்டிவிட்டுப் போயிருந்தேன்.

நான் கத்த வாயெடுக்கும்போதே அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் சரியில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்தார். முகமெல்லாம் முத்து முத்தாக வியர்வை. மார்கழி மாசத்தில், ஃபேனுக்கு அடியில், சட்டையில்லாத உடம்பு நனைந்து ஒழுகியது. "ஷிப்டுக்கு நேரமாச்சு, வண்டிச் சாவி எங்க?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு லீவு.

சுகர் பார்க்கிற மெஷினை எடுத்து அவர் விரலில் குத்தினேன். நாற்பத்து நான்கு காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

நாத்தனார் ஒரு பழத்தைப் பிய்த்து உரித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவர் பாதியைக் கடித்துவிட்டு மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டார். விரலை விட்டு வழித்து வெளியே எடுத்தேன். "தொண்டையில அடைச்சுக்கும், வேண்டாம்! சர்க்கரைத் தண்ணி குடு!" என்று கத்தினேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் சர்க்கரை என்று ஒரு பொருளே கிடையாது. அக்கம்பக்கத்தில் எல்லா வீடும் பூட்டு. தெருவே கோயிலில் இருந்தது.

"கடைக்கு ஓடு. கலர் வாங்கிட்டு வா, சீக்கிரம்."

அவள் செருப்பில்லாமல் ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் பாட்டிலோடு வந்தாள். நுரை பொங்கினால் அண்ணனால் குடிக்க முடியாது என்று, சமையலறையில் வைத்து இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, கேஸ் போனதும் கொண்டுவந்து நீட்டினாள். எவ்வளவு யோசனை அவளுக்கு! நான் அவர் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சிறுகச் சிறுகப் புகட்டினேன். விழுங்கினார். பாதி மோவாயில் வழிந்து என் கையெல்லாம் ஆனது. ஒரு டம்ளர் முழுசாக உள்ளே போயிற்று.

அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினைந்து நிமிஷம். சர்க்கரை குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வரவேண்டும், அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று நாத்தனார் கேட்டாள். "கொஞ்சம் பொறு, இப்ப ஏறும்" என்றேன். ஆசிரியை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் பொறுத்தாள்.

ஏறவில்லை. பதினைந்து நிமிஷம் கழித்துக் குத்தினால் முப்பத்தெட்டு. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அவர் கண் செருகியது. நெற்றியில் ஒட்டிக்கிடந்த முடியை ஒதுக்கப் போனேன், அப்போதுதான் என் விரல்கள் எனக்கே ஏதோ சொல்லின.

கை பிசுபிசுக்கவில்லை.

சர்க்கரை போட்ட கலர் கையில் பட்டுக் காய்ந்தால் விரலோடு விரல் ஒட்டும். இது சுத்தமாகக் காய்ந்திருந்தது, தண்ணீர் பட்ட கை மாதிரி. லேபில் எதையும் நக்கக் கூடாது என்று இருபது வருஷம் கத்தியவள் என் விரலை வாயில் வைத்தேன். முதலில் தித்திப்பு. பிறகு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிற அந்தக் கசப்பு. எனக்குத் தெரியாதா அது? மூன்று வருஷமாக வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் நான் புகட்டிய கசப்பு.

சமையலறைக்கு ஓடிப் பாட்டிலை எடுத்தேன். அதே சர்க்கரை இல்லாத பாட்டில். திரும்பி வந்து நாத்தனாரின் முகத்துக்கு நேரே அதை ஆட்டினேன். "படிக்கத் தெரியாதா உனக்கு? என்னத்தை வாங்கிட்டு வந்திருக்க?"

என்னத்தைப் படிப்பாள்? இனிப்பூட்டியின் பெயர், எண், யாருக்கு ஆகாது என்பது, எல்லாம் அந்தப் பாட்டிலின் இடுப்பைச் சுற்றி எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷில் இருக்கிறது. கம்பெனிப் பெயர் மட்டும் ஒரு சாண் உயரம். தமிழ்நாட்டில் விற்கிற சரக்கில், உயிர் போகிற அவசரத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரியைத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற அளவில் போட இவர்களுக்கு என்ன கொள்ளை? சர்க்கரை இறங்கினால் இது உதவாது என்று ஒரு பாட்டில் சொல்கிறதா? குளிர்பானம் விற்கத் தெரிந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதத் தெரியாமல் போய்விடுமா? இந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் கோபத்தைக் கம்பெனி மேல் காட்ட முடியாது, நாத்தனார் மேல்தான் காட்ட முடிந்தது. அவளோ அண்ணனைத் தரையில் கிடத்தி ஒருக்களித்துப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

நான் கடைக்கு ஓடினேன். "என்னத்தைக் குடுத்தீங்க? சுகர் இறங்கிப்போய்க் கிடக்கறாரு, சர்க்கரை இல்லாததைக் குடுத்தீங்களே, பாவி!"

கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அந்தப் பொண்ணு சர்க்கரை போட்டதுதான் எடுத்துச்சு டீச்சர். யாருக்கும்மான்னு கேட்டேன். எங்க அண்ணனுக்குன்னுச்சு. நான்தான் வாங்கி வச்சுட்டு மாத்திக் குடுத்தேன். நீங்கதானே டீச்சர் சொல்லியிருக்கீங்க?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்கு அப்படிக்கூட இல்லை. நான் பிடிக்க நினைத்த பிள்ளையார் அச்சு அசலாக வந்திருந்தது. என் பாடத்தை ஒரு வரி பிசகாமல் ஒப்பித்த ஒரே மாணவர் அவர்தான். நூற்றுக்கு நூறு.

சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். "டெண்டுல டாக்டர் இருக்காங்க, நான் கூட்டியாறேன்" என்று பின்னால் கத்திக்கொண்டே, கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு அவர் வண்டியைக் கிளப்புவது கேட்டது. கோயில் பக்கம் திருவிழாவுக்காக மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள்.

நான் உள்ளே நுழையும்போது கணவருக்கு வலிப்பு வந்திருந்தது. கால் இரண்டும் தரையில் அடித்துக்கொண்டிருந்தன. பல் கிட்டிக்கொண்டிருந்தது. நாத்தனார் அவர் தலைக்கு அடியில் தன் முந்தானையைச் சுருட்டி வைத்திருந்தாள். பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன், பாதி தரையில் கொட்டியது. ஈரக் கையில் சர்க்கரையைத் தொட்டு அவர் உதட்டுக்கு உள்ளே, ஈறில் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவர் செத்துப்போவார் என்று நினைத்தேன். நான்தான் கொன்றேன் என்றும் நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

கடைக்காரர் ஒரு நர்ஸை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்து இறக்கினார். சின்ன வயசு. தரையில் சர்க்கரைக்கு நடுவிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து, மெஷினில் ஒருமுறை பார்த்துவிட்டு, போனில் டாக்டரிடம் இரண்டு வார்த்தை கேட்டுக்கொண்டாள். நரம்பைத் தேடிக் குளுக்கோஸை ஊசியில் ஏற்றினாள். "எதுவும் குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"கலர் குடுத்தோம்" என்றேன். எந்தக் கலர் என்று சொல்ல வாய் வரவில்லை.

குளுக்கோஸ் நேராக ரத்தத்தில் போனால் வேலை செய்கிற வேகத்தை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பார்த்ததில்லை. கால் அடங்கியது. மூச்சு சீரானது. சில நிமிஷத்தில் கண் திறந்தார். மேலே ஃபேனைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். என் கையெல்லாம் சர்க்கரை. அவருடைய உதட்டிலும் சர்க்கரை. நாக்கால் தடவி அது என்னவென்று தெரிந்துகொண்டார்.

உடனே அவர் முகம் மாறியது. இருபத்திரண்டு வருஷமாக அவர்கூட இருக்கிறேன், அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் கவனித்ததில்லை. கையைத் தூக்கி வாயைத் துடைக்கப் பார்த்தார், கையில் ஊசி இருந்ததால் முடியவில்லை.

"நான் எடுத்துத் திங்கல" என்றார், நாக்குக் குழறியது. "சத்தியமா நான் எதுவும் திங்கல. திட்டாத."

நர்ஸுக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டாள்.

நாத்தனார்தான் பதில் சொன்னாள். காலையிலிருந்து நான் கத்தியதற்கெல்லாம் சேர்த்து அவள் சொன்னது அது ஒன்றுதான். அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அண்ணனின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கண்ணனுக்குப் பயங்க. சாவுக்கு இல்ல."